காணிக்கைப் பணத்தில் மென்பொருளுக்கும் பங்கா? சபையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன வருடப் பொதுக்கூட்டத்தில் ஒரு சின்ன யோசனை சொன்னேன். ஒவ்வொரு ஞாயிறும் நாங்கள் பாவிக்கிற திறந்த மூல மென்பொருட்களுக்கு வருடத்துக்கு 20,000 ரூபா ஒதுக்குவோம் என்று. ஆலயக் கூரை திருத்தத்துக்குப் பத்து நிமிடத்தில் கை தூக்கிய அதே கூட்டம் இதற்கு முக்கால் மணித்தியாலம் வாதாடியது. கடைசியில் பாதித் தொகைக்கு, "ஒரு வருடம் பார்ப்போம்" என்று ஒத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து ஆராதனை முடிந்து தேத்தண்ணீர் குடிக்கும் நேரத்திலும், கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்துச் சபைக்காரரிடமிருந்து போனிலும் அதே கேள்விகள்தான் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன். நான் புரோகிராமர் இல்லை. மட்டக்களப்புக் கல்லடியில் ஒரு சபையின் பின்வரிசையில் உட்கார்ந்து பாட்டு வரிகளைத் திரையில் ஓட்டுகிறவன், அவ்வளவுதான்.

திறந்த மூலம் என்றால் இலவச மென்பொருள்தானே?

இல்லை. வட்ஸ்அப்புக்கு நாம் காசு கொடுப்பதில்லை, ஆனால் அது திறந்த மூலம் இல்லை. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் பார்க்க முடியாது, மாற்றவும் முடியாது. திறந்த மூலம் என்றால் எழுதிய நிரலை, அதாவது கணினிக்கு எழுதிய கட்டளைகளை, வெளியிலேயே வைத்து, யாரும் பாவிக்கலாம், படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதை மற்றவருக்கும் கொடுக்கலாம் என்று உரிமத்தில் எழுதிக் கொடுத்திருப்பார்கள். 1983இல் யாரும் பாவித்துத் திருத்தக்கூடிய ஓர் இயங்குதளத்தைக் கட்டுகிற க்னூ திட்டத்தை ரிச்சர்ட் ஸ்டோல்மன் அறிவித்ததும், 1991இல் பின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்ற இயங்குதளக் கருவை வெளியிட்டதும் இந்தக் கதையின் தொடக்கப் பக்கங்கள். "திறந்த மூலம்" என்ற பெயர் 1998இல்தான் வந்தது. சிலர் "கட்டற்ற மென்பொருள்" என்ற சொல்லையே விரும்புவார்கள், அந்தச் சண்டைக்குள் சபையை இழுக்க வேண்டியதில்லை.

நாங்கள் எங்கே இதைப் பாவிக்கிறோம்? எனக்குத் தெரிந்து எங்கள் ஆலயத்தில் ஒரு புரொஜெக்டர், ஒரு பழைய லெப்டொப், அவ்வளவுதான்.

அந்த லெப்டொப்பைத் திறந்து பாருங்கள். எங்களிடம் பாட்டு வரிகளையும் வேத வசனங்களையும் திரையில் காட்டுவது ஓபன்எல்பி. சபைகளுக்காகவே தொண்டர்கள் எழுதிய திறந்த மூல மென்பொருள் அது. கட்டாரிலும் கனடாவிலும் இருக்கிற பிள்ளைகள் பார்க்கட்டும் என்று ஆராதனையை நேரலையாக விடுகிறோமே, அது ஓபிஎஸ். பிரசங்க ஒலிப்பதிவில் இருமலையும் மின்விசிறிச் சத்தத்தையும் வெட்டி எடுக்க ஓடாசிட்டி. ஞாயிறு அறிவித்தல் தாள் லிப்ரேஒபிஸில் அடிக்கிறோம்.

இதெல்லாம் வேண்டாம், போன் மட்டும்தான் என்றாலும் தப்ப முடியாது. ஆண்ட்ராய்டின் அடியில் ஓடுவது லினக்ஸ். உங்கள் போனில் "கொ" என்று அடிக்கும்போது ஒற்றைக்கொம்பு முன்னுக்கும் கால் பின்னுக்குமாகச் சரியான இடத்தில் போய் உட்காருகிறதே, அதை உட்கார வைப்பது ஹார்ஃபஸ் என்ற திறந்த மூல மென்பொருள். ஆண்ட்ராய்ட், குரோம், பயர்பொக்ஸ், லிப்ரேஒபிஸ் எல்லாவற்றுக்கும் அதுதான் எழுத்துக் கோக்கிறது. பல போன்களில் தமிழைக் காட்டுகிற நோட்டோ எழுத்துருவின் உரிமத்தைப் பார்த்தால் எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமம் என்று இருக்கும். இந்த எஸ்ஐஎல் யார்? 1934இல் வேதாகம மொழிபெயர்ப்பு வேலையோடு சேர்ந்து தொடங்கிய கிறிஸ்தவ மொழியியல் அமைப்பு. எழுத்துருவே இல்லாத சின்ன மொழிகளுக்கு எழுத்துரு செய்யப் போனவர்கள், செய்ததைப் பூட்டி வைக்காமல் எல்லாருக்கும் கொடுக்க ஓர் உரிமம் எழுதினார்கள், இன்று உலகம் முழுக்க எழுத்துருக்காரர்கள் அதைத்தான் பாவிக்கிறார்கள். கீமேன் என்ற விசைப்பலகை மென்பொருளை அதே அமைப்பு 2015இல் எடுத்துக்கொண்டு 2017இல் திறந்த மூலமாக்கியது. ஆகவே "சபைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்" என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது, சம்பந்தம் நமக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது.

சும்மா கிடைப்பதற்கு எதற்குக் காசு கொடுக்க வேண்டும்?

வயல் வைத்திருக்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. பெரும்போக விதைப்புக்கு முன் வாய்க்கால் துப்புரவு நடக்கும், வாய்க்காலுக்குப் பொறுப்பான வட்டவிதானை வந்து அவரவர் காணிக்கு இவ்வளவு தூரம் என்று அளந்து பங்கு காட்டுவார், மண்வெட்டியோடு போய்ச் செருக்கி எடுக்க வேண்டும். தன் பங்கை வெட்டாதவனின் வயலுக்கும் தண்ணீர் போகத்தான் செய்யும், தண்ணீருக்கு முகம் தெரியாதே. ஆனால் பத்துப் பேர் அப்படி இருந்துவிட்டால் கடைமடைக்காரனுக்குச் சேறுதான் மிஞ்சும். தண்ணீர் இலவசம், வாய்க்கால் இலவசம் இல்லை.

மென்பொருளிலும் இது நடந்தது. இணையத்தில் வங்கிக் கடவுச்சொல் அடிக்கும்போது பாதுகாக்கிற ஓபன்எஸ்எஸ்எல் என்ற நிரல் உலகத்தின் பெரும்பாலான சேவர்களில் ஓடிக்கொண்டிருந்தது. 2014இல் அதில் ஹார்ட்பிளீட் என்ற பெரிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டபோதுதான், அதற்கு வருடத்துக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டொலர் என்றும், விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர்தான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்றும் வெளியில் வந்தது. கோடிக்கணக்கில் உழைத்த கம்பனிகள் எல்லாம் தண்ணீர் பாய்ச்சிவிட்டு மண்வெட்டி தொடாமல் போயிருந்தன.

கம்பனிகளே செய்யாததை ஏன் நாங்கள் செய்ய வேண்டும் என்று ஒருவர் கேட்டார். போரடிக்கிற மாட்டின் வாயைக் கட்டக்கூடாது என்று ஞாயிறு பாடசாலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது கம்பனிகள் இல்லையே, நாங்கள்தானே.

எல்லாரும் பார்க்கிற இடத்தில் இருந்தால் கள்ளனுக்கும் வழி தெரியுமே?

தெரியும். காவல்காரனுக்கும் தெரியும். ஆனால் இது சும்மா தட்டிவிடக்கூடிய கேள்வி இல்லை, ஏனென்றால் 2024 மார்ச்சில் நடந்ததைக் கேட்டால் வயிறு கலங்கும். எக்ஸ்இசட் என்று கோப்புகளைச் சுருக்குகிற ஒரு சின்ன மென்பொருள், லினக்ஸ் கணினிகளில் எங்கும் இருக்கிறது, அதைப் பல வருடமாகப் பார்த்துக்கொண்டவர் ஏறக்குறைய தனி ஆள், சம்பளம் இல்லை, மன உளைச்சல் என்று அவரே எழுதியும் இருந்தார். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார். இரண்டு வருடத்துக்கு மேல் நல்ல பிள்ளையாக வேலை செய்தார். இடையில் யாரென்று தெரியாத சிலர் "ஏன் இவ்வளவு தாமதம், வேறு ஆளிடம் கொடுங்கள்" என்று அந்த மனிதரை நச்சரித்தார்கள். கடைசியில் உரிமை கைக்கு வந்ததும் அந்த உதவியாளர் உள்ளே ஒரு கள்ளக் கதவை வைத்துவிட்டார். ஆன்ட்ரெஸ் ஃபிரொயிண்ட் என்ற பொறியியலாளர், கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூட எடுக்கிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டியதால்தான் அகப்பட்டது.

நிரல் திறந்திருந்தபடியால் அவரால் தோண்ட முடிந்தது, அது ஒன்று. மற்றது, தனியாக விடப்பட்டுக் களைத்துப்போன ஒரு மனிதரைப் பிடித்துத்தான் கள்ளன் உள்ளே வந்தான். களைத்த தொண்டரை எப்படி நடத்துவது என்பது சபைக்குப் புதிய பாடமா? இருபது வருடம் ஒலிபெருக்கி பார்த்த அண்ணனை ஒரு நாள் மைக் கீச்சிட்டதற்காக எப்படித் திரும்பிப் பார்த்தோம் என்று யோசித்துப் பாருங்கள். நானும் பார்த்தேன்.

தம்பி, சாப்பாட்டுக்கு வழியில்லாத குடும்பங்கள் இருக்கும்போது மென்பொருளுக்குக் காணிக்கைப் பணமா?

கூட்டத்தில் இதைக் கேட்டவர் எங்கள் சபையின் மூத்த அம்மா ஒருவர், அன்றைக்கு எனக்குச் சரியாகப் பதில் வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

முதலில், உலர் உணவுப் பொதிக்கு வைத்த பணத்தில் ஒரு சதம் எடுக்கக்கூடாது. அதில் எனக்கு வாதமே இல்லை. நான் கேட்பது அலுவலகச் செலவில், அதாவது மென்பொருளுக்கென்று எப்படியும் போகக்கூடிய பணத்தில் ஒரு பங்கு. 2022 ஞாபகம் இருக்கிறதல்லவா? மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360 பக்கம் போனது. டொலரில் மாதச் சந்தா கட்டிய சபைகளுக்கு அதே மென்பொருள் திடீரென்று ஒன்றே முக்கால் மடங்கு விலை. நாங்கள் அந்த நேரத்தில் மின்வெட்டோடு மட்டும்தான் மல்லுக்கட்டினோம்.

இரண்டாவது, சுனாமி. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு, அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல் ஆட்கள் போன அந்த நாட்களில், பாடசாலைகளிலும் கோயில்களிலும் ஆலயங்களிலும் முகாம். நான் அப்போது உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். கோடு போட்ட கொப்பித் தாளைக் கிழித்துக் காணாமல் போனவர்களின் பெயர், வயது, ஊர் என்று எழுதிச் சுவரில் ஒட்டினோம், பசை காயும் முன்னே யாராவது வந்து "இந்தப் பெயரை வெட்டுங்கோ, ஆள் கிடைச்சிட்டார்" என்பார்கள், எந்த வகையில் கிடைத்தார் என்று கேட்கப் பயமாக இருக்கும். ஒரே பெயர் மூன்று முகாமில் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும்.

அதே நாட்களில் கொழும்பில் லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷனைச் சேர்ந்த தொண்டர்கள் உட்கார்ந்து, காணாமல் போனவர்களைப் பதிய, முகாம்களைப் பதிய, எந்த அமைப்பு எங்கே என்ன செய்கிறது என்று பார்க்க, எந்த முகாமுக்கு என்ன தேவை என்று குறிக்க ஒரு மென்பொருள் எழுதினார்கள். பெயர் சஹானா, சிங்களத்தில் நிவாரணம். அதைத் திறந்த மூலமாக விட்டார்கள். விட்டபடியால் 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கு எடுத்தார்கள், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவுக்கு, ஜாவா நிலநடுக்கத்துக்கு, 2010இல் ஹெய்ட்டிக்கு. சமூகப் பயனுக்காகக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை கொடுக்கிற விருதில் 2006ஆம் ஆண்டுக்கானது சஹானாவுக்குக் கிடைத்தது. எங்கள் கரையில் செத்த சனத்தின் கணக்கை எழுதத் தொடங்கிய வேலை அது, முகம் தெரியாத நாடுகளில் யாரோ ஒரு தாய்க்குப் பிள்ளையைத் தேடிக் கொடுக்கப் போனது. அம்மா, ஏழைக்குக் கொடுப்பது வேறு, இது வேறு என்று எனக்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

கடையில் போட்டுத் தருகிற கிராக், அதாவது பூட்டு உடைத்த களவுப் பிரதி, இருக்கும்போது இதெல்லாம் ஏன்? எல்லாரும் அப்படித்தானே?

எல்லாரும் அப்படித்தான். எங்கள் சபையும் 2021 வரை அப்படித்தான். ஒரு நாள் காலை அலுவலகக் கணினியைத் திறந்தால், ஞானஸ்நானப் பதிவேட்டை ஸ்கேன் பண்ணி வைத்திருந்த கோப்புகள் ஒன்றும் திறக்கவில்லை, டொலர் கேட்டு ஒரு குறிப்பு மட்டும் திரையில். கிராக்கோடு சேர்ந்து வந்த வேலை. நல்ல காலம், மூலப் பதிவேடு இரும்பு அலுமாரியில் இருந்தது. வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் மூன்று சனிக்கிழமை உட்கார்ந்து, நூற்றாண்டுக்கு முந்திய தாள்களை மூச்சு விடாமல் புரட்டி மறுபடி ஸ்கேன் பண்ணினார்கள். களவெடுத்ததை ஆலயத்துக்குள் வைத்திருப்பது சரியா பிழையா என்ற கேள்வியை நான் போதகரிடமே விட்டுவிடுகிறேன்.

அப்போ விண்டோஸை எல்லாம் தூக்கி எறிந்துவிட்டு லினக்ஸுக்கு மாற வேண்டுமா?

வேண்டாம். இந்த ஆர்வக் கோளாறால் கெட்ட இடங்களைப் பார்த்திருக்கிறேன். பொருளாளரின் கணக்கு மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும் என்றால் அது அங்கேயே இருக்கட்டும். எழுபது வயதில் அவர் ஒரு வழியாகப் பழகியதை நாம் ஒரே இரவில் மாற்றினால் அடுத்த வருடம் கணக்கும் இருக்காது, பொருளாளரும் இருக்கமாட்டார்.

ஆனால் விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது, பழைய கணினிகள் பலவற்றில் 11 ஏறாது. ஞாயிறு பாடசாலைக்கு யாரோ தந்த அந்த மாதிரி இரண்டு கணினியில் லினக்ஸ் மின்ட் போட்டோம், 4 ஜிபி நினைவகத்தோடு இப்போதும் ஓடுகிறது. பிரின்டர் ஒன்று மட்டும் ஒத்துழைக்க மாட்டேன் என்கிறது. விட்டுவிட்டோம்.

எழுதுகிறவர்கள் பலர் கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள், வேறு மதத்தவர்களும் இருப்பார்கள். சபை ஆதரிக்கலாமா?

உங்கள் ஆலயச் சுவரைக் கட்டிய மேசனார் எந்த மதம்? எங்கள் ஒலிபெருக்கியைத் திருத்துவது காத்தான்குடி முஸ்லிம் ஒருவர். அடுத்த கேள்வி.

எங்கள் சபையில் நிரல் எழுதத் தெரிந்தவர் ஒருவரும் இல்லையே?

நல்லது, காசைவிட இதுதான் முக்கியமான பகுதி, ஏனென்றால் தமிழ் தெரிந்த ஆட்கள்தான் அந்தத் திட்டங்களுக்கு மிகவும் குறைவு. நிரல் எழுதுகிறவர் ஜேர்மனியிலோ தென்னாபிரிக்காவிலோ இருப்பார், தமிழ் எழுத்து திரையில் உடைந்தால் உடைந்தது என்றே அவருக்குத் தெரியாது.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பாட்டுத் திரை மென்பொருளில், வரி நீளமாகிக் கரையில் மடியும்போது "ஆண்டவரே" என்ற சொல் "ஆண" என்று நின்று, அடுத்த வரி ஒரு புள்ளிவட்டத்தின் மேல் அநாதையாக ஒரு மெய்ப்புள்ளியோடு தொடங்கும். பெரிய வெள்ளி ஆராதனையில், முழுச் சபையும் எழுந்து நிற்க, அந்தப் புள்ளிவட்டம் இரண்டு முழ அகலத்தில் சுவரில் நிற்கிறது. "ண்" என்பது நமக்கு ஓர் எழுத்து, கணினிக்கு இரண்டு குறி, அந்த இரண்டுக்கும் நடுவில் வெட்டக்கூடாது என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. பாட்டுக் குழுவில் இருக்கிற பதினேழு வயதுப் பிள்ளை ஒருத்தி போனில் படம் எடுத்து, பள்ளிக்கூட ஆங்கிலத்தில் நாலு வரி எழுதி, அந்தத் திட்டத்தின் பிழைப் பதிவில் போட்டாள். மூன்றாம் நாள் பதில் வந்தது, பாட்டு வரியைக் கோப்பாக அனுப்பச் சொல்லி. அடுத்த பதிப்பில் அந்தப் பிழை இல்லை. இலக்கணம் பிழையாக எழுதிவிட்டேனே என்று ஒரு வாரம் வெட்கப்பட்டாள், ஆனால் தமிழில் பாடுகிற எந்தச் சபைக்கும் இனி அந்தப் புள்ளிவட்டம் வராது.

அப்புறம் பாமினி. எங்கள் பக்கத்தில் பழைய பாட்டெல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்ததுதான். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் கீர்த்தனை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடக்கும். அதை எந்தக் கணினியிலும் சரியாகத் தெரிகிற யுனிகோடுக்கு மாற்றி, ஒவ்வொரு பாட்டாகப் படித்துப் பிழை பார்ப்பதற்கு நிரல் அறிவு தேவையில்லை, பாட்டைத் தெரிந்த ஆள்தான் தேவை. எங்களிடம் இதை முடித்தது ஓய்வுபெற்ற ஆசிரியைகள் இருவர். மென்பொருளின் பட்டியல்களைத் தமிழாக்குவதும் இந்த மாதிரித்தான், வெப்லேட் போன்ற தளத்தில் ஒரு பக்கம் ஆங்கிலம், மறு பக்கம் வெற்றுப் பெட்டி. இந்தியத் தமிழ் நடை நமக்கு ஒட்டவில்லை என்று முறைப்பாடு சொல்கிறவர்கள் அந்தப் பெட்டியில் எழுதிப் பார்க்கலாம்.

மென்பொருள் இலவசம் என்றால் பாட்டுகளையும் இலவசமாகப் போடலாமா?

இல்லை. மென்பொருளின் உரிமம் மென்பொருளுக்கு மட்டும். பாட்டு எழுதியவரின் உரிமை அவரிடமே இருக்கிறது, நேரலையில் விடும்போது இன்னும் கவனம். இரண்டையும் குழப்பிக்கொண்டு பாட்டுத் தொகுப்பை இணையத்தில் ஏற்றிவிடாதீர்கள்.

எந்தத் திட்டத்துக்குக் கொடுப்பது, கணக்கில் எப்படிக் காட்டுவது?

பின்னால் பெரிய கம்பனி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஓடாசிட்டியை 2021இல் மியூஸ் குரூப் எடுத்துக்கொண்டது, அதற்கு எங்கள் ஐயாயிரம் தேவைப்படாது. ஓபன்எல்பி முழுக்கத் தொண்டர்கள், எனவே அதற்குப் பெரிய பங்கு. லிப்ரேஒபிஸைப் பார்த்துக்கொள்ளும் டொக்கியுமென்ட் ஃபவுண்டேஷன் பெர்லினில் பதிந்த அறக்கட்டளை, அதற்கு மீதி. வெளிநாட்டுக்குப் பணம் கட்டக்கூடிய அட்டை சபையிடம் இல்லாவிட்டால் வெளிநாட்டில் இருக்கிற சபைப் பிள்ளை ஒருவர் கட்டிவிட்டு ரசீதை அனுப்பலாம், இங்கே அவரின் வீட்டாரிடம் ரூபாவாகக் கொடுத்து இரண்டு ரசீதையும் சேர்த்து ஒட்டுங்கள். கணக்கில் "மென்பொருள் பராமரிப்பு" என்று எழுதினால் கணக்காய்வாளர் ஒன்றும் கேட்கமாட்டார். "நன்கொடை, வெளிநாடு" என்று எழுதினால் அரை நாள் விளக்கம் சொல்ல வேண்டி வரும், பட்டறிவு.

எங்கள் சபைக்கென்று சொந்தமாக ஓர் ஆப் செய்து அதைத் திறந்த மூலமாக விடலாமா?

தயவுசெய்து வேண்டாம். செய்து தருகிற தம்பி அடுத்த வருடம் மெல்பேர்னுக்குப் போய்விடுவார், ஆப் அநாதையாகக் கிடக்கும். இருக்கிறதைத் திருத்த உதவுங்கள். அதைவிட, உறுப்பினர் பெயர், விலாசம், போன் எல்லாம் உள்ள பட்டியலை அரைகுறை ஆப்புக்குள் போடுவதைப் பற்றி 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும் இந்த ஊரில் இருந்துகொண்டு நான் விளக்க வேண்டுமா?

சரி, எங்கள் சபையில் தொடங்க வேண்டும். முதலில் என்ன செய்வது?

பொதுக்கூட்டத்துக்குக் கொண்டுபோகாதீர்கள், நான் விட்ட பிழை அதுதான். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பாட்டு ஓட்டுகிறவரோடு உட்கார்ந்து, அன்றைக்குப் பாவித்த மென்பொருட்களின் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். எது காசு, எது கிராக், எது திறந்த மூலம் என்று பக்கத்தில் குறியுங்கள். அந்தத் தாளைப் போதகரிடம் காட்டுங்கள். பழைய பாட்டுகள் பாமினியில் இருந்தால் எங்களிடம் கொண்டு வரலாம், சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு அந்த இரண்டு ரீச்சர்மாரும் ஆலய மண்டபத்தில்தான் இருப்பார்கள். பென்டிரைவை வைரஸ் பார்த்துவிட்டுக் கொண்டு வாருங்கள்.